முண்டின் கரை என்ன நிறம்?

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். கணினித் திரையில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் மூன்று எண்கள்தான்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். 200, 0, 0 என்று கொடுத்தால் குங்குமச் சிவப்பு. 0, 102, 0 என்றால் வெற்றிலைப் பச்சை. 40, 40, 216 என்றால் பளீரென்ற நீலம். இந்த மூன்றையும் கறுப்பு வெள்ளையாக்க வேண்டுமென்றால் சிவப்பை 0.299ஆலும் பச்சையை 0.587ஆலும் நீலத்தை 0.114ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். தொலைக்காட்சிக்காரர்கள் வகுத்த சூத்திரம் இது. நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகப் படும், நீலம் மிகக் குறைவாக; அதனால்தான் இந்த ஏற்றத்தாழ்வு. கூட்டி முழு எண்ணாக்கிப் பாருங்கள், மூன்றுக்கும் விடை 60. மூன்றும் ஒரே சாம்பல்.

போன வழியே திரும்பி வர முடியுமா? 60 என்ற எண்ணை மட்டும் கையில் கொடுத்து, இது முன்பு என்ன நிறமாக இருந்தது என்று கேட்டால்? திரை காட்டக்கூடிய நிறங்கள் மொத்தம் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216. சாம்பல் படிகளோ 256 மட்டும். சராசரியாக ஒரு சாம்பலுக்கு 65,536 நிறங்கள் போட்டிக்கு நிற்கின்றன. அவற்றில் எது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. கைபேசிச் செயலிகள் ஒரு தட்டில் தாத்தாவின் கல்யாணப் படத்துக்கு நிறத்தை மீட்டுத் தருவதாக விளம்பரம் செய்கின்றனவே, அவை மீட்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆனாலும் சில படங்களில் நிறம் அசலாகவே வந்துவிடுகிறது. எப்படி வருகிறது, எங்கே பொய்யாகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கொச்சியில் வைட்டிலா சந்திப்பைத் தெரியாதவர் இருக்க முடியாது. பேருந்து, மெட்ரோ, படகு மூன்றும் கூடுமிடம். 2011இல் மொபிலிட்டி ஹப், 2019இல் மெட்ரோ, 2021இல் மேம்பாலம், 2023இல் காக்கநாட்டுக்கு வாட்டர் மெட்ரோ என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆளே மாறிப்போன இடம். அந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில், ஃபிளெக்ஸ் பேனர், கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் படம் எல்லாம் செய்யும் கடையில், பழைய படங்களைச் சரிசெய்யும் வேலையை அருகிலிருந்து பார்த்தேன். கேரளத்தில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. புகைப்படத் தாளின் மேல் பூச்சு ஜெலட்டின்; மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் புரதம். கொச்சியின் ஈரக்காற்றில் பூஞ்சைக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் வீட்டோடு ஆல்பங்களும் மூழ்கின. நனைந்த ஜெலட்டின் ஊறிப் பசையாகி, படத்தைச் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிவிடும். காய்ந்தபின் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். (அப்படி ஒட்டியிருந்தால் பிரிக்கப் பார்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம்.)

அன்று வந்தது மட்டாஞ்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணப் படம். கொண்டுவந்த பெண்மணிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் உள்ள தோபி கானாவில் சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பம். டச்சுக்காரர் தம் படையின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்தவர்களின் வழிவந்தவர்கள் என்று இவர்களைச் சொல்வார்கள். இன்றும் அங்கே தொட்டி தொட்டியாகப் பிரித்துத் துவைத்து, கயிற்றில் காயப்போட்டு, கஞ்சி போட்டுப் பெட்டி தேய்த்துக் கொடுக்கிறார்கள். படத்தில் அவருடைய அப்பாவும் அம்மாவும். அப்பா முண்டும் சட்டையும். முண்டின் ஓரத்தில் விரலகலத்துக்கு ஒரு கருங்கோடு.

கடைக்காரப் பையன் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தான். முதல் வேலை நிறமே அல்ல. மங்கி மஞ்சளித்த படத்தில் உண்மையான கறுப்பும் இருக்காது, வெள்ளையும் இருக்காது. எல்லாச் சாம்பலும் நடுவில் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். லெவல்ஸ் என்ற கருவியில் இரண்டு முனைகளையும் இழுத்து, அந்த நெருக்கத்தை 0 முதல் 255 வரை பரத்திவிட்டான். அவ்வளவுதான், மங்கிக் கிடந்த அம்மாவின் மூக்குத்தி தெரிந்தது. புதிதாக எதையும் சேர்க்கவில்லை. தாளில் இருந்ததையே விரித்துக் காட்டினான். டிஜிட்டல் திருத்தத்தில் எனக்கு முழு நம்பிக்கை உள்ள பகுதி இதுதான்.

பிறகு ஒரு பொத்தானை அழுத்தி, தானாக வண்ணமிடும் வசதியை ஓடவிட்டான். சில நொடிகளில் அம்மாவின் புடவை மங்கல் நீலமானது. அப்பாவின் சட்டை லேசான பழுப்பு. முண்டின் கரையும் பழுப்பு. இருவர் முகத்திலும் இளஞ்சிவப்பு ஏறியிருந்தது, ஐரோப்பியருக்கு வெயில் பட்டதுபோல.

"கரை கசவா சேச்சி?" என்று கேட்டான். கேரளத்து முண்டென்றால் பொன்சரிகைக் கசவுதானே முதலில் நினைவுக்கு வரும்.

"கசவு இல்ல மோனே, பச்சைக் கரை."

"அவ்வளவு உறுதியாவா?"

"சாயக் கரைய வெள்ளையோட ஒரே தொட்டியில போட்டா மொத்தமும் பாழாயிடும். கரை என்ன நிறம்னு பார்த்துத்தானே நாங்க துணியையே பிரிப்போம். அப்பாவோட கல்யாண முண்டு, எத்தனை வருஷம் எங்க வீட்டுலயே வெளுத்தது!"

அவன் அந்தக் கரையை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கினான். சரிகை உலோகம். உலோகம் ஒளியை ஒரே திசையில் திருப்பி அடிக்கும். ஆகவே துணி மடியும் இடங்களில் சரிகைக் கோடு ஒரு மடிப்பில் வெளுத்தும் அடுத்த மடிப்பில் கறுத்தும் துண்டு துண்டாகத் தெரியும். சாயம் ஏற்றிய நூல் அப்படிச் செய்யாது. ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் ஓரளவு ஒரே அடர்த்தியில் ஓடும். படத்தில் இருந்த கோடு மடிப்புகளில் எங்குமே மின்னவில்லை. ஆக, சரிகை இல்லை என்பதைப் படமே சொல்லிவிட்டது. பச்சை என்பதைச் சொல்லப் படத்தால் முடியாது. அதை அந்த அம்மாள்தான் சொல்ல வேண்டியிருந்தது. பொத்தானுக்கு இந்த இரண்டில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

பச்சையை அவன் பூசிய விதத்தில் ஓர் அறிவியல் இருக்கிறது. படத்துக்கு மேல் இன்னொரு அடுக்கை வைத்து, அதன் கலப்பு முறையைக் 'கலர்' என்று மாற்றிக்கொண்டு, தூரிகையால் தாராளமாக இழுத்தான். அந்த முறையில் மேலடுக்கு நிறத்தை மட்டும் தரும். வெளிச்சமும் நிழலும் கீழே உள்ள பழைய படத்திலிருந்தே வரும். கோடு கொஞ்சம் பிசகினாலும் கண் கண்டுகொள்வதில்லை. நம் பார்வைக்கு வெளிச்ச வேறுபாட்டில் உள்ள கூர்மை நிற வேறுபாட்டில் கிடையாது. ஜேபெக் படங்கள் சிறிய கோப்பில் அடங்குவதற்கு இந்தப் பலவீனமும் ஒரு காரணம். வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடு வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில் சேமித்தாலும் நாம் ஏமாந்துவிடுகிறோம்.

கணினி வருவதற்கு முன்பே இதைக் கையால் செய்தவர்கள் நம் ஸ்டுடியோ ஓவியர்கள். கறுப்பு வெள்ளைப் பிரதியின் மேல் ஒளி ஊடுருவும் சாயத்தைப் பஞ்சிலும் மெல்லிய தூரிகையிலும் தொட்டு வைப்பார்கள். கன்னத்துக்கு ரோஜா, நகைக்கு மஞ்சள், பட்டுக்கு அரக்கு. அடியில் உள்ள வெள்ளி உருவம் நிழலைத் தரும், சாயம் நிறத்தைத் தரும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கி வைத்திருக்கிறது. அதில் வரும் குடும்பப் படங்களைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: ஒரு ஸ்டுடியோ ஓவியர் புடவைக்குப் பூசிய அரக்கு, அந்தப் புடவை அரக்கு என்பதற்குச் சாட்சி ஆகாது. அவரிடம் அன்று அரக்குச் சாயம் இருந்தது என்பதற்குத்தான் சாட்சி.

சாயத்துக்கு அடியில் உள்ள சாம்பலையாவது முழுதாக நம்பலாமா? அதிலும் சிக்கல் உண்டு. தொடக்கத்தில் போட்ட கணக்கு நம் கண்ணை வைத்துப் போட்டது. பழைய தகடுகளுக்கு நம் கண் இல்லை. வெள்ளி உப்புகள் இயல்பில் நீலம், ஊதா, புற ஊதா ஒளிக்கு மட்டுமே வினைபுரியும். 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலர், தகட்டில் தக்க சாயம் சேர்த்தால் பச்சையையும் அது உணரும் என்று கண்டார். அதிலிருந்து வந்தவை ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள். சிவப்பு அவற்றுக்கும் தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிய முடிந்தது. எல்லா நிறமும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகள் 1906 வாக்கில் விற்பனைக்கு வந்தாலும், அவற்றைக் கும்மிருட்டில் கழுவ வேண்டிய தொல்லையால் ஸ்டுடியோக்களில் மெல்லத்தான் பரவின.

இதன் விளைவுகளை உங்கள் வீட்டுப் படங்களிலேயே பார்க்கலாம். பழைய தகட்டில் இளநீலப் புடவை கிட்டத்தட்ட வெள்ளையாக விழும். செக்கச் சிவந்த குங்குமம் கரும்புள்ளியாகும். நம் மாநிறத்தில் சிவப்பின் பங்கு அதிகம். தகட்டுக்கு அது தெரியாததால் முகம் இருந்ததைவிடக் கறுத்து விழும். பிறகு நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து வெளுக்க வைப்பார்கள். ஆக, தாத்தாவின் முகத்தில் இருக்கும் சாம்பல் அவருடைய நிறமும் அல்ல. தகட்டின் குருட்டுத்தனமும் பென்சில்காரரின் ரசனையும் கலந்த ஒன்று. அதை அளவாக வைத்துக்கொண்டு எந்த மென்பொருள் தோல் நிறம் தீட்டினாலும் நான் நம்பமாட்டேன்.

ஆனால் அதே குருட்டுத்தனம் சில சமயம் துப்புக் கொடுக்கும். 2019 ஜூனில் தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் அட்டையில் பாரதியாரின் தலைப்பாகை காவியாக வந்து, பெரிய விவாதமானது. அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். மனைவி செல்லம்மாளோடு அவர் இருக்கும் பிரபலமான படத்தை எடுத்துக்கொள்வோம். தலைப்பாகை வெளிறித் தெரிகிறது. 1921இல் மறைந்த ஒருவரை அந்தக் காலத்து ஸ்டுடியோத் தகட்டில் எடுத்திருந்தால், காவி கறுத்துத்தான் விழுந்திருக்கும். வெளிறி விழக்கூடியவை வெள்ளை, இளநீலம் போன்றவைதான். வண்ணத்தை ஒரு சாம்பல் சொல்லாது. ஆனால் எந்த வண்ணம் இல்லை என்று சொல்லும், அதுவும் எந்தத் தகடு என்று தெரிந்தவருக்கு மட்டும்.

தகடு செய்த குறும்புகளில் மிகப் பெரியது மேக்ஸ்வெல்லுக்கு நடந்தது. 1861இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மூன்று நிற முறையில் உலகின் முதல் வண்ணப் புகைப்படத்தைத் திரையிட்டார். கட்டம்போட்ட ஸ்காட்லாந்து ரிப்பன் ஒன்றைத் தாமஸ் சட்டன் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தார். அவற்றை அதே நிற விளக்குகளால் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழச் செய்ததும் ரிப்பன் வண்ணத்தில் தெரிந்தது. ஆனால் சட்டனின் தகடு சிவப்பையே உணராதே? நூறு ஆண்டு கழித்து, 1961இல், கோடாக் நிறுவன ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சிவப்புத் துணி புற ஊதா ஒளியையும் திருப்பி அடித்தது. சிவப்பு வடிகட்டி அதையும் கசியவிட்டது. தகடு பதித்தது அந்தப் புற ஊதாவைத்தான். சிவப்பே பதியாத இடத்தில் சிவப்பு வந்தது அதிர்ஷ்டத்தால்.

மேக்ஸ்வெல்லின் முறையைத் தகுந்த தகடுகளோடு செய்தவர்களில் ஒருவர் ரஷ்யாவின் புரோக்குதின் கோர்ஸ்கி. ஜார் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் நாடெங்கும் போய், ஒவ்வொரு காட்சியையும் மூன்று வடிகட்டிகளில் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். அந்தக் கண்ணாடித் தகடுகளை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1948இல் வாங்கியது. 2000ஆம் ஆண்டை ஒட்டி அவற்றைக் கணினியில் இணைத்தபோது நேற்று எடுத்தவைபோல வண்ணம் வந்தது. அங்கே யாரும் எதையும் ஊகிக்கவில்லை. மூன்று எண்கள் வேண்டிய இடத்தில் மூன்றையும் அவர் எடுத்து வைத்திருந்தார். நம் கல்யாணப் படங்களில் இருப்பது ஒன்றே ஒன்று.

திரைப்படத்தில் கதை வேறு. 1960இல் வந்த 'முகல் ஏ ஆஸம்' முழுக்க வண்ணமாகித் திரையரங்குக்கு வந்தது 2004 நவம்பரில். அசல் படத்திலேயே கண்ணாடி மண்டபப் பாடல் உட்படச் சில பகுதிகளை வண்ணத்தில் எடுத்திருந்ததால், நகைக்கும் உடைக்கும் கையில் ஒரு சான்று இருந்தது. 1957இன் தெலுங்கு 'மாயாபஜார்' 2010 ஜனவரியில் வண்ணத்தில் வெளியாவதற்காக ஹைதராபாத் கோல்ட்ஸ்டோன் நிறுவனத்தில் 165 பேர் எட்டு மாதம் வேலை பார்த்தார்கள். அதன் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி. அவரே பின்னாளில் மலையாளத்தின் 'செம்மீன்' படத்தை வண்ணத்தில் எடுத்தார். கடலையும் கரையையும் அவர் வண்ணத்தில் எப்படிப் பார்த்தார் என்பது அதில் இருக்கிறது. 'மாயாபஜார்' படத்துக்கு அவர் கறுப்பு வெள்ளைக்கென்றே ஒளியமைத்தார். வண்ணப் பிரதி கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனாலும் பார்ட்லியின் வேலையைப் பார்க்க விரும்புகிறவர் அசலைத்தான் பார்க்க வேண்டும்.

இன்றைய பொத்தானுக்கு வருவோம். 2004இல் இஸ்ரேலைச் சேர்ந்த லெவின், லிஷின்ஸ்கி, வைஸ் மூவரும் ஒரு வழி சொன்னார்கள்: புடவையில் ஒரு கிறுக்கல் பச்சை, வானத்தில் ஒரு கிறுக்கல் நீலம் போட்டால் போதும், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் சாம்பல் ஒத்திருந்தால் நிறமும் ஒத்திருக்கும் என்ற விதிப்படி கணினி மீதியை நிரப்பும். அதில் நிறத்தைச் சொல்பவர் மனிதர். 2016இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரிச்சர்ட் ஜாங், ஃபிலிப் ஐசோலா, அலெக்ஸி எஃப்ரோஸ் மனிதரையும் விலக்கினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணப் படங்களின் நிறத்தை மறைத்துவிட்டு, சாம்பலை மட்டும் காட்டி, நிறத்தை ஊகிக்க ஒரு நரம்பு வலைப்பின்னலைப் பழக்கினார்கள். விடைத்தாள் ஏற்கெனவே கையில் இருப்பதால் ஆசிரியரே வேண்டாம்.

இதற்கு முந்தைய தானியங்கி முறைகளில் ஒரு நோய் இருந்தது. ஒரு புடவை சிவப்பாகவும் இருக்கலாம், பச்சையாகவும் இருக்கலாம் என்றால், தவறைக் குறைக்கப் பார்க்கும் கணினி இரண்டுக்கும் சராசரி எடுக்கும். சிவப்புக்கும் பச்சைக்கும் சராசரி அழுக்குப் பழுப்பு. பெர்க்லிக்காரர்கள் நிறங்களை 313 பெட்டிகளாகப் பிரித்து, எந்தப் பெட்டிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டார்கள். அரிய நிறங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். அசலையும் இதையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது 32 சதவீதத் தடவை மக்கள் கணினியின் நிறத்தையே அசல் என்றார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அந்தச் சோதனை கேட்டது இது நம்பும்படி இருக்கிறதா என்று மட்டுமே. உண்மையா என்று அது கேட்கவில்லை.

நம்பும்படி என்றால் யாருக்கு? அவர்கள் பழக்கப் பயன்படுத்திய இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பில் 45 சதவீதத்துக்கும் மேல் அமெரிக்காவிலிருந்து வந்தவை; இந்தியாவும் சீனாவும் சேர்ந்து 3 சதவீதம். அந்தக் கூட்டத்தில் பச்சைக் கரை முண்டை எத்தனை தடவை பார்த்திருக்கும்? வைட்டிலாக் கடையில் முகம் ஏன் இளஞ்சிவப்பானது, கரை ஏன் பழுப்பானது என்பதை இங்கிருந்து பார்த்தால் ஆச்சரியமே இல்லை.

கல்யாண முண்டில் தவறினால் யாருக்கும் நட்டமில்லை. 2021 ஏப்ரலில் நடந்தது அப்படியல்ல. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்படுமுன் எடுத்த கைதிகளின் படங்களை அயர்லாந்துக்காரர் ஒருவர் வண்ணமிட்டார். ஓர் இணைய இதழ் அவற்றை வெளியிட்டது. சில முகங்களில் அசலில் இல்லாத புன்னகை இருந்தது. கம்போடிய அரசு கண்டித்தது. இதழ் படங்களை நீக்கியது. நிறம் சேர்க்கத் திறந்த அதே மென்பொருளில் சிரிப்பும் சேர்க்க முடியும் என்பதால் வந்த வினை.

உங்கள் வீட்டுப் படத்துக்கு வண்ணம் போடுவதானால், முதலில் தொடாத ஸ்கேன் ஒன்றை டிஃப் கோப்பாகத் தனியே வையுங்கள். ஜேபெக் ஒவ்வொரு தடவை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் இழக்கும். வண்ணம் போட்ட பிரதியில், வண்ணம் பின்னால் சேர்த்தது என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். இருபது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளை அதை அசலென்று நினைப்பான். பொத்தானை அழுத்துவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் படத்தைக் காட்டி, புடவை என்ன நிறம், சுவர் என்ன நிறம், கரை என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். கணினி அடுத்த வருடமும் இருக்கும், இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகவே இருக்கும். பெரியவர்களிடம் இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.